புதுப்பிப்பு: இரண்டு வரிப் பதில்

என் கணினியின் ஓய்வு நேரத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய ஓர் ஆய்வுத் திட்டம், சொல்லாமல் கொள்ளாமல் கணக்கீட்டு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். நேற்று அந்தத் திட்டத்தாரிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரி, நன்றி என்ற சொல்கூட இல்லை. மனம் வலிக்கிறது.

இதே போல் தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேடிய இன்னொரு திட்டம், 1999-இல் தொடங்கிய செட்டி அட் ஹோம் (SETI@home). அதுவும் 2020 மார்ச் 31-இல் கணினிகளுக்கு வேலை அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் அந்த மாதத் தொடக்கத்திலேயே அறிவித்தது. சேர்ந்த முடிவுகளை அலசுவதில் இனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று காரணமும் சொன்னது. அதே வகையில் விண்வெளித் தரவுகளை அலசும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் (Einstein@Home) இன்னும் ஒருபடி மேல். 2010-இல் ஒரு பல்சாரை (சீரான துடிப்புகளாய்க் கதிர் வீசும் சுழல் விண்மீனை) கண்டறிந்தபோது, அது யாருடைய கணினிகளில் சிக்கியதோ அந்த அயோவா தம்பதியையும் ஜெர்மானியரையும் பெயர் சொல்லியே உலகுக்கு அறிவித்தது. மின்கட்டணம் கட்டுகிறவருக்கு இந்த மரியாதை போதும்.

என் கணினியை ஐன்ஸ்டைன் அட் ஹோமில் சேர்த்துவிட்டேன். இரவே முதல் வேலை வந்து இறங்கியது.