வாடகை வீட்டை விற்றுவிட்டார்கள், அட்வான்ஸை யாரிடம் கேட்பது?

வணக்கம். மடிப்பாக்கத்தில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது. போன வாரம் ஓனர் போன் செய்து, "வீட்டை வித்தாச்சு, பத்திரமும் முடிஞ்சுது, இனிமே அவர்கிட்ட பேசிக்கோங்க" என்றார். புதியவரோ 15 நாளில் காலி செய்யச் சொல்கிறார். மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு.

நான் படித்தவரை, 1882 சொத்து மாற்றுச் சட்டம் 109வது பிரிவின்படி வீட்டை வாங்குபவர் பழைய ஓனரின் இடத்துக்குத்தான் வருகிறார். விற்றதாலேயே ஒப்பந்தம் முறிந்துவிடாது. பழையவரின் பொறுப்பும் தானாகப் போய்விடாதாம், நாம் புதியவரைப் பொறுப்பாளியாக ஏற்றால்தான் போகும். அதனால் புதியவருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் இருவருமே அட்வான்ஸை அடுத்தவரிடம் கேள் என்கிறார்கள். பந்து மாதிரி உதைபடுகிறேன். நல்லவேளை, பணத்தை வங்கி வழியாகத்தான் அனுப்பியிருந்தேன்.

எங்கள் தவறும் உண்டு: 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவில்லை. இப்போது செய்ய முடியுமா, அதற்குப் புதிய ஓனர் கையெழுத்து வேண்டுமா? இந்த மாத வாடகையை யார் கணக்கில் போடுவது? இருவருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா, இல்லை முதலில் பதிவுத் தபால் போதுமா? இப்படி மாட்டி மீண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுவேன் என்றும் புதியவர் மிரட்டுகிறார், அதற்கு எங்கே புகார் செய்வது?