பார்வதியின் இடையும் கடற்காகக் குஞ்சும்

நியூரான்:
சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனியின் ஒடுங்கிய இடையும் திரண்ட மார்பும் ஏன் கண்ணை இழுக்கின்றன? நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் தத்துவவியலாளர் வில்லியம் ஹர்ஸ்டைனும் 1999-இல் ஒரு கட்டுரையில் சொன்ன விடை: சராசரிப் பெண்ணுருவிலிருந்து சராசரி ஆணுருவைக் கழித்து, மிஞ்சும் வேறுபாட்டைச் சிற்பி மிகைப்படுத்துகிறார், மூளை அசலைவிட அந்த மிகைக்கே கிளர்ச்சி கொள்கிறது. விலங்கு நடத்தை ஆய்வாளர் டின்பெர்கன் ஆராய்ந்த கடற்காகக் குஞ்சுகளும் இப்படித்தான். தாயின் அலகிலுள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி இரை கேட்பவை, மூன்று வெள்ளைப் பட்டை போட்ட மெல்லிய சிவப்புக் குச்சியை இன்னும் ஆவேசமாகக் கொத்தின.

தஞ்சைவாசி:
குஞ்சு குச்சியைக் கொத்தும், கும்பிடாது. உற்சவமூர்த்தி வீதிக்கு வரும்போது பட்டும் மாலையும் போக முகமும் கையும்தான் தெரியும். இடையை யார் பார்த்தார்கள்? சுவாமிமலையில் ஸ்தபதி தென்னை ஓலையைச் சிற்ப சாஸ்திரத்தின் தாள அளவுப்படி மடித்து, அந்த மடிப்பை வைத்தே மெழுகில் உருவம் பிடிக்கிறார். ஆணைக் கழித்துப் பெண்ணைக் கூட்டும் கணக்கெல்லாம் அங்கே கிடையாது.

நியூரான்:
பட்டு உடுத்துவதற்கு முன்பே வார்த்து முடித்தாயிற்றே! அந்த அளவை முதலில் வகுத்தவருக்கும் கண்ணும் மூளையும் இருந்தன. கண்ணுக்கு நிறைந்ததுதான் அளவாக நிலைத்திருக்கும்.

தஞ்சைவாசி:
அது ஊகம். ஒரே அளவில் வார்த்த இரண்டு திருமேனிகளில் ஒன்று நம்மை நிறுத்திவைக்கிறது, மற்றது வெறும் பொம்மை. மிகைதான் காரணமென்றால் இரண்டும் ஒன்றுபோல இழுக்க வேண்டாமா?

வழிப்போக்கன்:
சிலையை விடுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ ஓவியத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஆரஞ்சுச் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். அதற்கும் சுற்றியுள்ள சாம்பல் வானத்துக்கும் ஒரே ஒளிர்வு, அதாவது ஒரே அளவு வெளிச்சம். நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் தரும் விளக்கம் இது: பொருள் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் மூளைப்பகுதிக்கு நிறம் தெரியாது, வெளிச்ச வேறுபாடு மட்டுமே தெரியும். நிறம் அறியும் பகுதி சூரியனைக் கண்டுகொள்கிறது. மற்றதோ அதற்கு இடம் குறிக்க முடியாமல் தடுமாறுகிறது. அதனால்தான் அது துடிப்பதுபோல் தெரிகிறது.

தஞ்சைவாசி:
இதை ஏற்கிறேன், யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அதே ஒளிர்வில் நான் ஒரு வட்டம் போட்டாலும் துடிக்கும். அதைப் பாரிஸ் அருங்காட்சியகத்தில் யாரும் மாட்ட மாட்டார்கள்.

நியூரான்:
எதை மாட்டுவது என்று சொல்ல நரம்பியல் வரவில்லை. துடிப்பது ஏன் என்று சொல்லத்தான் வந்தது.

தஞ்சைவாசி:
அப்படியானால் 1999 கட்டுரைக்குக் ‘கலையின் அறிவியல்’ என்று தலைப்பு வைத்திருக்க வேண்டாமே.