சிவப்பு ஒயின் வாயை இழுக்குது. கெட்டுப்போச்சா? மீதி பாட்டிலை எப்போ திறக்கலாம்?

ஓசூர்_புதுக்கோப்பை | வியாழன் இரவு 9.40
வணக்கம், கொஞ்சம் அவசரம். நாலு சிவப்பு ஒயின் இருக்கு. ஒண்ணை இப்போதான் திறந்தோம். வாயெல்லாம் வறண்டு இழுக்குது, பழ வாசனையே வரல. கெட்டுப்போச்சா, இல்ல இன்னும் பக்குவம் ஆகலையா? ஞாயிறு மதியம் வீட்டில் 12 பேருக்கு விருந்து. மீதி மூணையும் திறக்கலாமா, ரெண்டு வருஷம் வைக்கலாமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

சூளகிரி_சுவை | 9.52
என்ன திராட்சை, எந்த ஊர், எந்த அறுவடை வருஷம்? தக்கையா, திருகு மூடியா? எங்கே வச்சிருந்தீங்க? ஊத்தும்போது எவ்வளவு குளிர்ச்சி? கூட என்ன சாப்பிட்டீங்க? "சிவப்பு ஒயின்"னு மட்டும் சொன்னா யாராலும் பதில் சொல்ல முடியாதுங்க. லேபிளில் இருக்கறதை அப்படியே டைப் பண்ணுங்க.

காவேரிப்பட்டணம்_குடுவை | 9.58
எதுவா இருந்தாலும் இளசுன்னா காத்து பத்தல, அவ்வளவுதான். வாய் அகலமான கண்ணாடி ஜக்கில் ஒரு அடி உயரத்திலிருந்து ஊத்துங்க. திரும்ப பாட்டிலுக்கு மாத்துங்க. ரெண்டு தடவை இப்படிச் செஞ்சு மூணு மணி நேரம் விட்டா துவர்ப்பு அடங்கிடும்.

போச்சம்பள்ளி_சந்தை | 10.05
அழுகின முட்டை, தீக்குச்சி கொளுத்தின வாடை மாதிரி ஏதாவது வருதா? திருகு மூடி பாட்டிலில் காத்து போகாததால் கந்தக வாடை தங்கிடும், பழ வாசனையை அதுவே மூடிடும். செம்புச் சொம்பில் ஊத்தி வைங்க, போயிடும்.

பழைய_தக்கை | 10.11
செம்புச் சொம்பில் ஊற்றச் சொல்வதை உடனே நிறுத்துங்கள். ஒயினின் பி.ஹெச் 3.5 சுற்றி இருக்கும். அந்தப் புளிப்பு செம்பைக் கரைக்கும், ஈயம் பூசாத பித்தளையையும் கரைக்கும். கந்தக வாடைதான் குறை என்றால், நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புக் கம்பியை ஒரு கோப்பையில் அரை நிமிடம் சுழற்றி எடுத்தால் போதும். வாடை குறைந்தால் காரணம் தெரிந்துவிடும். அந்தக் கோப்பையைக் கொட்டிவிட்டு மீதியைக் காற்றாடவிடலாம்.

கேள்வி கேட்டவருக்கு: இதே கேள்வி இங்கே மாதம் இரண்டு முறை வருகிறது. தேடிப் பார்த்திருந்தால் பாதி பதில் கையில் இருந்திருக்கும். சூளகிரி கேட்ட ஏழு விவரமும் வராமல் நான் மேலே சொல்வதற்கில்லை.

ஒகேனக்கல்_பரிசல் | 10.20
நான் சந்தேகப்படறது வச்ச இடத்தைத்தான். நம்ம மாவட்டங்களில் நிறைய பாட்டில் சூட்டில்தான் சாகுது. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அதனால கொஞ்சம் தப்பிக்கும். தர்மபுரியில் சித்திரை மாசம் பீரோ மேல வச்ச பாட்டில் அவிஞ்சே போயிடும். மூடியைப் பாருங்க: தக்கை வெளியே தள்ளியிருக்கா, கழுத்தில் ஒழுகின பிசுபிசுப்பு இருக்கா? இருந்தா சூடு பட்டிருக்குன்னு அர்த்தம். வாயில் வெந்த பழம், காய்ச்சின வெல்லப்பாகு மாதிரி ருசி வரும். வெறும் துவர்ப்பு மட்டும்னா அது வேற கதை.

ஓசூர்_புதுக்கோப்பை | 10.34
சரிங்க, விவரம்:
திறந்தது நாசிக், கேபர்னே சாவிஞான் 2023, திருகு மூடி. அதே இன்னொண்ணு இருக்கு. மச்சான் ஏர்போர்ட்டில் வாங்கி வந்தது ரெண்டு: ஸ்பெயினின் ரியோஹா கிரியான்சா 2021, இத்தாலியின் பரோலோ 2020, ரெண்டும் தக்கை. நாலும் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் மூணு வாரமா இருக்கு. எடுத்த உடனே ஊத்தினது. கூட மிளகாய் சிக்கன் வறுவல். கந்தக வாடை எதுவும் இல்ல. பாட்டிலில் பாதிக்கு மேல மீதி இருக்கு.

சூளகிரி_சுவை | 10.38
ஃபிரிட்ஜ்னா 5 டிகிரி. அதான்!

பழைய_தக்கை | 11.05
இப்போது பேசலாம். ஒயின் கெடவில்லை. மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது குளிர்ச்சி. 5 டிகிரியில் பழ வாசனை எழும்பாது, துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் மட்டும் தூக்கலாகத் தெரியும். கேபர்னேவுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். "அறை வெப்பம்" என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்குச் சொன்னது. உங்கள் கூடத்தின் 28 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒன்றரை மணி நேரம் வெளியே வையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் கோப்பையில் வைத்துப் பாருங்கள். வெளியே இருந்த பாட்டிலைக் குளிர்விக்க, பாதி ஐஸ் பாதி தண்ணீர் உள்ள வாளியில் 12 முதல் 15 நிமிடம் போதும்.

இரண்டாவது மிளகாய். காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பையும் கூட்டும். உப்பும் கொழுப்பும் புரதமும் அதற்கு நேர்மாறு. டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கறியில் புரதமும் கொழுப்பும் இருந்தால் அந்த இழுப்பு தணியும்.

மூன்றாவதுதான் இளமை. இளம் சிவப்பு ஒயினைத் துவர்ப்பை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. ஒரு மடக்கை வாயில் பத்து நொடி சுழற்றி விழுங்கியபின் கவனியுங்கள். எச்சில் ஊறினால் புளிப்பு இருக்கிறது. ஈறும் கன்னமும் இழுத்தால் டானின் இருக்கிறது. அந்த இழுப்பு அடங்கியபிறகும் பழம் வாயில் நிற்கிறதா? நின்றால் வைக்கலாம். பழம் முதலில் மறைந்து துவர்ப்பு மட்டும் மிஞ்சினால் எத்தனை வருடம் வைத்தாலும் பயனில்லை. டானின் மெல்ல இறங்குவதற்குள் பழம் முழுதாகப் போயிருக்கும்.

மீதி அரை பாட்டிலைக் கொட்டாதீர்கள், சோதனைக்கு அதுவே போதும். மூடியைத் திருகி ஃபிரிட்ஜில் வையுங்கள். நாளை இரவு ஒரு கோப்பை, சனி இரவு ஒரு கோப்பை, இரண்டும் 16 டிகிரிக்கு வந்தபின் குடித்துப் பாருங்கள். நாளை பழம் மேலே வந்து சனிக்கிழமையும் நின்றால் அடுத்த பாட்டில் இன்னும் இரண்டு மூன்று வருடம் தாங்கும். நாளைக்கே தட்டையாகவோ, வெட்டி வைத்த ஆப்பிள் வாசனையோடோ இருந்தால் ஞாயிறே திறந்துவிடுங்கள். காற்று செய்யும் வேலையும் பாட்டிலுக்குள் வருடங்கள் செய்யும் வேலையும் ஒன்றல்ல. ஆனால் ஒயினிடம் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

காவேரிப்பட்டணம்_குடுவை | 11.14
ஜக்கில் மூணு மணி நேரம் விட்டா ஒரே மாலையில் தெரியறதுக்கு எதுக்கு மூணு நாள்?

பழைய_தக்கை | 11.21
மூன்று மணி நேரத்தில் துவர்ப்பு மறைவதில்லை, வாசனைதான் மாறுகிறது. பிரான்சின் போர்தோவைச் சேர்ந்த ஒயின் அறிஞர் எமில் பெய்னோ, வண்டல் இருந்தால் மட்டும் குடுவைக்கு மாற்றச் சொன்னார், அதுவும் ஊற்றுவதற்குச் சற்று முன். நீண்ட நேரம் காற்றில் விட்டால் மணம் கலையும் என்பது அவர் கட்சி. கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

காவேரிப்பட்டணம்_குடுவை | 11.27
படிச்சுட்டுதான் பேசறேன் சார். பெய்னோ சொன்னதை எல்லாத்துக்கும் பொருத்த முடியாது. திருகு மூடி போட்ட இளம் கேபர்னே அரை மணிக்கும் ரெண்டு மணிக்கும் நடுவில் நல்லாவே விரியும். பாதிப் பாட்டிலை மாத்தி, மீதியை அப்படியே வச்சு, பக்கத்துப் பக்கத்தில் ஊத்திக் குடிச்சுப் பார்க்கட்டும்.

அரூர்_சாலை | 11.33
எனக்கு ஒரே கேள்வி. திருகு மூடி போட்ட இந்திய ஒயினை வைக்கணுமா? மூடியே "சீக்கிரம் குடி"ன்னு சொல்லுது. அதுவும் வெயில் நாட்டுத் திராட்சை.

சூளகிரி_சுவை | 11.41
மூடியை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் 1999இல் ஒரே செமியோன் (வெள்ளைத் திராட்சை) ஒயினை வெவ்வேறு மூடிகளில் அடைச்சுப் பல வருஷம் பார்த்தது. அதிகம் காத்து விட்டுச் சீக்கிரம் பழுத்தது சில செயற்கைத் தக்கைகள்தான். திருகு மூடி நல்லா தாங்கிச்சு.

ஒகேனக்கல்_பரிசல் | 11.50
வெயில் விஷயத்தில் அரூர் சொல்றதில் பாதி உண்மை. நாசிக்கில் கொடி குளிர்காலத்தில் தூங்காது. வருஷத்துக்கு ரெண்டு வெட்டு: ஏப்ரலில் ஒண்ணு, செப்டம்பர், அக்டோபரில் காய்க்க விடற வெட்டு. அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள. சூடு ஏற ஏறப் பழத்தில் புளிப்பு இறங்கும், புளிப்பு குறைஞ்ச ஒயின் ரொம்ப நாள் தாங்காது. அதுக்காக வெயில் நாட்டு ஒயினே ஆகாதுன்னு சொல்ல முடியாது. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கு சுமார் 1000 மீட்டர். அங்கே ஷாட்டோ முசார்ங்கற ஒயின் பண்ணையில் சிவப்பை அறுவடைக்கு ஏழாவது வருஷம்தான் கடைக்கே விடறாங்க. உயரமும் ராத்திரிக் குளிரும் கணக்கில் வரணும்.

அரூர்_சாலை | 11.56
முசார் விதிவிலக்கு. அதை வச்சு நாசிக் பாட்டிலை ஓசூர் பீரோவில் பத்து வருஷம் வைக்கச் சொல்லாதீங்க.

ஒகேனக்கல்_பரிசல் | வெள்ளி காலை 12.02
பத்து வருஷம்னு யார் சொன்னது? குளிர்ந்த இடம் இல்லாட்டி ஒரு கோடையைக்கூட தாண்ட விடாதீங்கன்னுதான் சொல்றேன். 10 டிகிரி கூடினா வேதிவினை வேகம் தோராயமா இரட்டிப்பாகும். 13 டிகிரியில் மெதுவா நடக்கறது 30 டிகிரியில் ஓடும், அதுவும் தப்பான பக்கம்.

போச்சம்பள்ளி_சந்தை | காலை 6.48
மண்பானையில் ஈர மணல் போட்டுப் படுக்க வைக்கலாமே? ஏசி இல்லாத வீட்டுக்கு அதுதான் வழி.

சூளகிரி_சுவை | 7.10
வறண்ட கோடையில் சில டிகிரி குறையும். மழைக்காலத்தில் காத்தில் ஈரம் நிறைய, அப்போ ஆவியாகறது குறைஞ்சு குளிர்ச்சியே இருக்காது. லேபிளும் நஞ்சு போகும். சில மாசத்துக்கு ஃபிரிட்ஜ் காய்கறிப் பெட்டி மேல். வருஷக்கணக்கில் வச்சா அங்கே தக்கை காய்ஞ்சு சுருங்கும், அதனால தக்கை பாட்டிலைப் படுக்க வைங்க.

பழைய_தக்கை | 7.32
பேச்சு மூடியிலும் பானையிலும் போய்விட்டது. மற்ற இரண்டு பாட்டிலுக்கு வருகிறேன்.

ரியோஹா கிரியான்சா குறைந்தது இரண்டு வருடம் கழித்துத்தான் விற்பனைக்கு வரும், அதில் ஒரு வருடம் 225 லிட்டர் ஓக் பீப்பாயில். தயாரித்தவரே உங்களுக்காகக் காத்திருந்துவிட்டார். ஞாயிறு அதைத் திறங்கள், 15 அல்லது 16 டிகிரியில். நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் என்றாலும் நான்கில் இதுதான் ஒத்துப்போகும். நாசிக் பாட்டிலைக் காரம் குறைத்த மட்டன் சுக்காவுக்கு வையுங்கள். 750 மில்லி பாட்டிலில் 125 மில்லி வீதம் ஆறு கோப்பை. இரண்டு பாட்டிலில் பன்னிரண்டு பேருக்கும் ஆகிவிடும்.

பரோலோவை விருந்தில் திறக்காதீர்கள். நெபியோலோ திராட்சை, டானினும் புளிப்பும் உச்சம். சட்டப்படி அறுவடை வருடத்து நவம்பர் 1இலிருந்து 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில். ஆகவே 2020 அறுவடை 2024இல்தான் கடைக்கே வந்தது. கோப்பையைச் சாய்த்து விளிம்பின் நிறம் பார்க்கும் பழக்கம் இருந்தால் இதில் ஏமாறுவீர்கள். கேபர்னேவில் ஊதா விளிம்பு இளமை, செங்கல் நிறம் முதுமை. நெபியோலோ இளமையிலேயே வெளிறி ஆரஞ்சு காட்டும்.

ஓசூர்_புதுக்கோப்பை | சனி இரவு 10.15
வெள்ளி ராத்திரி 17 டிகிரியில் கருப்புத் திராட்சை, மிளகு வாசனை நல்லா வந்துச்சு. இன்னிக்கு வாசனை இறங்கிடுச்சு, துவர்ப்பு அப்படியே இருக்கு. நாளைக்கு ரெண்டாவதையும் ரியோஹாவையும் திறக்கறோம். எல்லாருக்கும் நன்றி. பரோலோவை எங்கே வைக்கறது?

காவேரிப்பட்டணம்_குடுவை | 10.22
நாசிக்கை முக்கால் மணி முன்னாடி ஜக்கில் ஊத்திடுங்க, மறக்காதீங்க.

சூளகிரி_சுவை | 10.30
பரோலோவுக்கு 12, 14 டிகிரியில் நிக்கற ஒயின் அலமாரி யார்கிட்டயாவது இருந்தா அங்கே கொடுத்து 2030 வரைக்கும் விடுங்க. இல்லைன்னா காய்கறிப் பெட்டியில் படுக்க வச்சு மார்கழிக்குள்ள திறந்துடுங்க. திறக்கற அன்னிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி குடுவைக்கு மாத்தி, 17 டிகிரியில், நெய் ஊத்தின மட்டனோட. அதை இன்னொரு கோடைக்கு ஓசூர் வீட்டு ஷெல்ஃபில் விடாதீங்க.