பச்சைப் புள்ளி இருந்தால் போதுமா? பாக்கெட் தின்பண்டத்தில் 471, 631 ஹலாலா?

பழையபேட்டை பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும். கிருஷ்ணகிரியில் மதரசா பிள்ளைகளுக்கு அஸருக்குப் பிறகு கொடுக்க, மாசம் ஒருதரம் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், ஜெல்லி மிட்டாய் மொத்தமாக எடுக்கிறோம். சிப்ஸ் பாக்கெட்டின் சேர்மானப் பட்டியலில் 627, 631 என்று இருக்கிறது. பிஸ்கட்டில் 471, 322. வாட்ஸ்அப்பில் சுற்றும் "பன்றிக் கொழுப்பு நம்பர்" பட்டியலைக் காட்டி, இதெல்லாம் ஹராம் என்கிறார்கள் பெற்றோர்கள். பாக்கெட்டிலோ பச்சைப் புள்ளி. எல்லாவற்றையும் நிறுத்துவதா, பார்த்து எடுப்பதா?

ஓசூர் குவாலிட்டி:
வஅலைக்கும் ஸலாம் பாய். அந்தப் பட்டியலை முதலில் அழித்துவிடுங்கள். அதில் தலையிலேயே நிற்கும் 100 மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின். 140 இலைப் பச்சையம். நம்பர் பொருளின் பெயரைத்தான் சொல்லும், எதிலிருந்து எடுத்தது என்பதைச் சொல்லாது.

471, அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பொருள், பாமாயிலிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பிலிருந்தும் வரும். அங்கேதான் புள்ளி உதவும். நம் நாட்டுச் சட்டப்படி விலங்கு, பறவை, மீன், பூச்சி, முட்டை எதிலிருந்து எடுத்தது சேர்ந்தாலும் பழுப்பு முக்கோணம் போட்டாக வேண்டும். அதனால் பச்சைப் புள்ளி பாக்கெட்டில் 471 தாவர எண்ணெயிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். சுவை கூட்டும் 627, 631-உம் அப்படித்தான். மீனிலிருந்தும் எடுப்பார்கள், மரவள்ளி மாவைச் சர்க்கரையாக்கி நுண்ணுயிர் விட்டுப் புளிக்கவைத்தும் எடுப்பார்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் விளைகிறதே, அதே மரவள்ளி. பச்சைப் புள்ளிக்குள் மீன் வகை வரக்கூடாது. 322 லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து. சிப்ஸும் பிஸ்கட்டும் இந்த நம்பர்களுக்காக நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம், ஹலாலுக்கானது அல்ல. இரண்டு இடத்தில் அது கைவிடும். ஒன்று 904, அதாவது அரக்கு. பளபளவென்று மேலே பூச்சு கொடுத்த மிட்டாயில் வரும். பால், தேன், தேன்மெழுகு மாதிரி அரக்குக்கும் சட்டத்தில் விலக்கு இருப்பதால் பச்சைப் புள்ளியோடேயே விற்கலாம். பூச்சி சுரப்பதுதான், பூச்சியின் உடல் அல்ல என்று தேனோடு ஒப்பிட்டு அனுமதிக்கும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. இன்னொன்று ஆல்கஹால். ஃபிளேவரைக் கரைக்க எத்தனால் பயன்படுத்தியிருந்தாலும் புள்ளியின் நிறம் மாறாது.

சிவப்பு நிறத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 120 கார்மைன், உலர்த்திய பூச்சியை அரைத்து எடுப்பது. 122 கார்மோசின், முழுக்க ரசாயனச் சாயம், பூச்சியே கிடையாது. பெயர் ஒத்துப்போவதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

மாங்கூழ் யூனிட்:
ஜெல்லி மிட்டாய்க்குத்தான் உண்மையில் கவனம் வேண்டும். அதை இறுகவைப்பது பெரும்பாலும் பெக்டின் அல்லது ஜெலட்டின். சேர்மானத்தில் 440 என்று இருந்தால் பெக்டின், பழத்தோலிலிருந்து வருவது, கவலையில்லை. நம்மூர் மாம்பழ பாரில் பெங்களூரா மாங்கூழ், சர்க்கரை, 440, 330 இருந்தால் அத்தனையும் தாவரமும் நுண்ணுயிரும்தான். 330 சிட்ரிக் அமிலம், சர்க்கரைப்பாகில் பூஞ்சை வளர்த்து எடுப்பது.

ஜெலட்டின் தோலையும் எலும்பையும் ஊறவைத்துக் காய்ச்சி எடுப்பது. இங்கே தயாராகும் பாக்கெட்டில் விலங்கு மூலம் என்று எழுதியிருக்கும், பழுப்பு முக்கோணமும் இருக்கும். எந்த விலங்கு, எப்படி அறுத்தது என்பது இருக்காது. ஹலால் முத்திரையோ மீன் ஜெலட்டின் என்ற வார்த்தையோ இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கையில் எடுத்தாலே ஓரளவு தெரியும். ஜெலட்டின் ரப்பர் மாதிரி இழுபடும், சித்திரை வெயிலில் குடோனில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பெக்டின் கடித்த இடத்தில் வெட்டினாற்போல் விட்டுவரும். இது சந்தேகம் எழுப்பத்தான் உதவும், தீர்ப்புக்கு லேபிள்தான்.

வெளிநாட்டு மிட்டாயில் இறக்குமதியாளர் முகவரியோடு புள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கரே இல்லாமல் விற்கிற சரக்கைப் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள். அரபி எழுத்து இருக்கிறது என்பது ஹலால் ஆகாது.

பழையபேட்டை பாய்:
ஜெல்லியை மாற்றிவிடுகிறோம். கிரீம் பிஸ்கட்டின் வெனிலா ஃபிளேவரில் ஆல்கஹாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனிக்கு மெயில் போட்டால் "எல்லாம் அரசு விதிப்படி" என்று ஒரு வரி வருகிறது.

ஓசூர் குவாலிட்டி:
"ஹலாலா?" என்று கேட்டால் அப்படித்தான் வரும். ஃபிளேவரைக் கரைக்கும் திரவம் எத்தனாலா, 1520 புரொப்பிலீன் கிளைகாலா, 1518 ட்ரையசெட்டினா என்று கேளுங்கள். பாக்கெட்டில் உள்ள பேட்ச் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். கேள்வி குவாலிட்டி ஆளுக்குப் போகும், பதிலும் நேராக வரும். பொதுவாக, சிப்ஸ் மசாலாவில் வருவது தூள் ஃபிளேவர், அதில் இந்தக் கவலை குறைவு. பிஸ்கட் மாவில் கலந்தது அடுப்புச் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். நடுவில் தடவும் கிரீம் அடுப்புக்குள் போவதில்லை, அதற்காகத்தான் கேட்க வேண்டும்.

எத்தனால் என்றே பதில் வந்தால் அந்த மெயிலை உங்கள் ஹஜ்ரத்திடம் காட்டுங்கள். திராட்சை, பேரீச்சை அல்லாததிலிருந்து எடுத்து, போதை தராத அளவில் இருப்பதை ஹனஃபி ஆலிம்கள் பலர் அனுமதிக்கிறார்கள். ஷாஃபியில் கண்டிப்பு அதிகம். நம் பக்கம் இந்த இரண்டு மத்ஹபுப் (சட்ட மரபு) பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள், அதையும் சொல்லிக் கேளுங்கள்.

மாங்கூழ் யூனிட்:
ஒன்று விட்டுப்போனது பாய். பேக்கரியில் உதிரியாக வாங்கும் கேக்குக்குப் புள்ளியே கிடையாது. அதில் 471 வருவது, கேக் உப்பிவர மாவில் சேர்க்கும் கேக் ஜெல்லில்தான். கடைக்காரரிடம் அந்த டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள், அதன்மேல் புள்ளி இருக்கும்.