புல்லு வெட்டும் தொழிலுக்கு எப்படி விளம்பரம் செய்வது? 1,000 நோட்டீஸ், நாலு போன்

பச்சை_வளவு

எல்லோருக்கும் வணக்கம். இடம் திருகோணமலை, உவர்மலை. பங்குனியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு புல்வெளி பராமரிக்கிற தொழில் தொடங்கினேன். தோளில் மாட்டி வெட்டுகிற மெஷின் ஒன்று இருக்கிறது, தள்ளிக்கொண்டு போகிறது ஒன்று பழசாக வாங்கினேன், மச்சானுடைய லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு கை டிராக்டர்) கேட்டால் தருவார். கூட ஒரு பெடியன் வருகிறான். வேலை சுத்தமாகத்தான் செய்கிறோம். வேலை வந்தால்தானே செய்வதற்கு.

நோட்டீஸ் 1,000 அடித்தேன். பச்சைக் கலர், மேலே கொட்டை எழுத்தில் 'நவீன புல்வெளிப் பராமரிப்புச் சேவை', கீழே ஏதோ ஒரு வெள்ளைக்கார பங்களாவின் புல்தரை, இன்டர்நெட்டில் எடுத்த படம். என்.சி. வீதி, மத்திய வீதி, பஸ் ஸ்டாண்ட், பாலையூற்று என்று நானும் பெடியனும் நாலு நாள் திரிந்து கொடுத்தோம். வந்தது நாலே நாலு போன். ஒருவர் தேங்காய் பிடுங்க வருவீர்களா என்று கேட்டார். இன்னொருவர் வெட்டுகிற புல்லை மாட்டுக்குத் தருவீர்களா என்றார். ஒருவர் விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நாலாவது எங்கள் பெரியம்மா, நம்பர் சரியாக அடித்திருக்கிறதா என்று பார்க்க எடுத்தவ.

பிறகு ஒரு கடையில் காசு கொடுத்து பேஸ்புக்கில் பூஸ்ட் போட்டேன். லைக் 300க்கு மேல் வந்தது. யார் எவர் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தால் பாதிப்பேர் கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்கிற பெடியள். அங்கே எங்கே அண்ணா புல்லு?

ஐப்பசி மழை விழுந்தால் ஊரெல்லாம் புல்லு எழும்பிவிடும். அதற்கு முதல், மாதா மாதம் கூப்பிடுகிற பத்து இடமாவது பிடிக்க வேண்டும். விளம்பரத்துக்கு என்று இன்னும் 15,000 ரூபா வைத்திருக்கிறேன். மறுபடி நோட்டீஸா, போர்டா, பேஸ்புக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையடி

திருமலையில் புல்லு வெட்ட ஆள் எதற்கு தம்பி, மான் வந்து சும்மா மேய்ந்துவிட்டுப் போகுமே. பகிடிக்குச் சொன்னேன், கோபிக்க வேண்டாம். ஆனால் எங்கள் பக்கம் திரிகிற மான்கள் புல்லை விட்டுவிட்டு என்னுடைய செவ்வரத்தையைத்தான் கடிக்கின்றன. வேலி அடைக்கிற வேலையும் செய்வதென்றால் முதல் ஓடர் என்னுடையது.

மூன்று_சாவி

தம்பி, நான் இந்தத் தொழில் செய்கிறவன் இல்லை, உங்களைப் போன்ற ஆட்களைத் தேடி அலைகிறவன். ரொறன்ரோவில் அண்ணன், லண்டனில் மச்சாள், சுவிஸில் கூடப்படித்த கூட்டாளி, மூன்று பேருடைய சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. அன்புவழிபுரத்தில் ஒரு வீடு, உப்புவெளியில் ஒரு வீடு, சாம்பல்தீவில் மதில் கட்டிய வெறுங்காணி. நீங்கள் கொடுத்த நோட்டீஸ் எனக்கும் கிடைத்திருந்தால் அதில் பாண் சுற்றியிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயரை மாற்றுங்கள். புல்வெளி என்றால் நம் சனம் ஆடு மாடு மேய்கிற இடம் என்றுதான் நினைக்கும், அதுதான் மாட்டுக்காரர் போன் எடுத்திருக்கிறார். எங்கள் அம்மா விடிய எழும்பி ஈர்க்குமாறால் முற்றத்தைக் கூட்டினால் மணலில் கோடு கோடாக விழுந்திருக்கும், மிதிக்கவே மனம் வராது. அப்படி வளர்ந்த ஆட்களுக்கு முற்றத்தில் புல்லு என்றால் அது வளர்க்கிற சாமான் இல்லை, பிடுங்குகிற சாமான். 'வளவு துப்புரவாக்கித் தரப்படும்' என்று போடுங்கள். நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம், அப்படித்தான் விசாரிப்போம். சிங்களத்திலும் ஒரு வரி, 'தணகொள கபனவா' என்று, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதுவித்துப் போடுங்கள். இந்த ஊரில் ஒரு பாஷையில் மட்டும் போர்டு வைப்பது பாதிக் கடையைப் பூட்டி வைப்பது மாதிரி.

அடுத்தது, காசு கொடுக்கிறவர் யார் என்று யோசியுங்கள். வீட்டில் இருக்கிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மண்வெட்டியால் செருக்கிவிடுவார். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரர்தான் உங்களுக்குக் காசு தருவார். அவர் இங்கே இல்லை. நீங்கள் நோட்டீஸ் கொடுத்த ஒரு வீதியிலும் இல்லை. அவருக்கு இரண்டு பயம். ஒன்று பாம்பு, பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி உங்கள் வளவுக்குள் இருந்து எங்கள் வளவுக்குப் பாம்பு வருகிறது என்பார். மற்றது டெங்கு. நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007இல் ஒரு சட்டம் வந்தது, அதன்படி காணிக்காரர்தான் வளவைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், நான் கனடாவில் இருக்கிறேன் என்பது அங்கே எடுபடாது. 2017இல் கிண்ணியா பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடம் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. போன மார்கழியில் அண்ணனின் சாம்பல்தீவுக் காணி கேட்டில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பி பத்து நிமிடத்தில் காசு அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. பத்து நிமிடம்! அதற்கு முதல் மூன்று மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, புல்லில் நுளம்பு முட்டை இடாது. புல்லுக்குள் மறைந்து கிடக்கிற சிரட்டையிலும் யோகட் கப்பிலும் தண்ணீர் தேங்கினால்தான் டெங்கு நுளம்பு. ஆகவே வெட்டினோம் போனோம் என்று இல்லாமல் அதையெல்லாம் பொறுக்கி ஒரு உரப்பையில் போட்டு, அந்தப் பையையும் படம் எடுங்கள். வெட்ட முதல் ஒரு படம், வெட்டிய பிறகு அதே இடத்தில் நின்று ஒரு படம். கேட்டும் வேப்பமரமும் இரண்டிலும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் யாருடைய காணியோ என்பார்கள். காலை ஏழு மணிக்கு அனுப்புங்கள், இப்போது ரொறன்ரோவில் அது முதல்நாள் இரவு ஒன்பதரை, சாப்பிட்டுவிட்டு போனும் கையுமாகக் கதிரையில் இருக்கிற நேரம். அந்தப் படத்தை அவர் கட்டாயம் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போடுவார். அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஊரில் ஒரு துண்டுக் காணி கிடக்கும். இந்துக் கல்லூரி, சண்முகா, சூசையப்பர் பழைய மாணவர் குறூப்புகளிலும் யாராவது சொன்னால் போதும்.

கச்சான்_காற்று

மேலே அண்ணன் சொன்னது சரி, ஆனால் வெளிநாட்டுக்காரரை மட்டும் நம்பினால் வருடத்துக்கு இரண்டு தடவைதான் வேலை. கோயில் திருவிழாவுக்கு வருவதற்கு முதல் ஒன்று, பி.எச்.ஐ. நோட்டீஸ் வந்தால் ஒன்று. தம்பி கேட்டது மாதா மாதம்.

நான் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் தோட்டம் பார்க்கிறேன், பதினொரு வருடம். புல்தரை என்று உண்மையில் இருப்பது இங்கேதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். எங்களுக்கு சீசன் வைகாசி தொடங்கி புரட்டாதி மட்டும். கடல் அமைதி, புறாமலைக்குப் படகு ஓடும், கையில் காசு புழங்கும், அந்த நேரம் பார்த்து கச்சான் காற்று அடித்து புல்லு காய்ந்து கிடக்கும். வாடை தொடங்கி மழை விழ புல்லு முழங்கால் மட்டும் வளரும், அப்போது அறைகள் காலி, முதலாளி ஒரு ரூபாவுக்குக் கணக்குப் பார்ப்பார். ஒவ்வொரு வெட்டுக்கும் இவ்வளவு என்று பேசினால் நீங்கள் எந்த நேரமும் பிழையான நேரத்தில்தான் போய் நிற்பீர்கள். வருடத்துக்கு ஒரு தொகை, மாதாமாதம் சமமாகத் தர வேண்டும், மழை மாதத்தில் மூன்று தடவை வருவேன், வெயிலில் ஒரு தடவை வந்து தண்ணீர் பைப், பசளை, களை பார்ப்பேன் என்று பேசுங்கள். பேசப் போகிற நேரம் மாசி, பங்குனி. சித்திரையில் போனால் பெயின்ட் அடிக்கிறவன், ஏசி திருத்துகிறவன் எல்லோரும் அங்கே நிற்பார்கள், உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். ரிசெப்ஷனில் விசிட்டிங் காட் கொடுத்துவிட்டு வராதீர்கள், அது மேசை லாச்சிக்குள் போய்விடும். பின்பக்கம் வந்து தோட்டக்காரனைக் கேளுங்கள். நாங்கள் சொல்லாமல் மனேஜர் ஆள் எடுப்பதில்லை.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிடுங்கள். பதிவு இல்லாத ஆளுக்குக் காசோலை எழுத மாட்டார்கள், பில் புத்தகமும் கேட்பார்கள். காசு ஒரு மாதம் பிந்தியே வரும், பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் ஒயிலும் அதுவரை உங்கள் கைக்காசு. கொழும்பில் இருந்து நடத்துகிற இடங்கள் கூகுள் மேப்பில்தான் ஆள் தேடுகின்றன, அதில் போடுவதற்குக் காசு இல்லை. உங்களைப் போல் கடை இல்லாமல் ஆள் வீட்டுக்குப் போய்ச் செய்கிற தொழிலென்றால் முகவரியைக் காட்டாமல் போகிற ஊர்களை மட்டும் போடலாம்.

புல்லு எப்படி நிற்க வேண்டும் என்று பார்க்க வெள்ளைக்கார பங்களாவுக்குப் போகத் தேவையில்லை. நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க்கால மயானம் இருக்கிறது, ஒரு பின்னேரம் போய்ப் பாருங்கள். இதே மணல், இதே உப்புக் காற்று. வெயில் காலத்தில் ஒட்ட வெட்டாமல் விட்டால்தான் பச்சை நிற்கும், ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. இதை நீங்களாகவே ஒரு மனேஜரிடம் சொல்லிப் பாருங்கள், நோட்டீஸ் தேவைப்படாது.

ஆனால் காலை ஒன்பது மணிக்கு முதல் மெஷினை ஸ்டார்ட் பண்ணினால் அடுத்த நாள் கேட்டுக்குள் விட மாட்டார்கள்.

லிங்கநகர்_டீச்சர்

நான் வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். பென்ஷன் எடுத்து தனியாக இருக்கிறேன், பிள்ளைகள் கொழும்பில். நோட்டீஸ் பார்த்து முன்பின் தெரியாத இரண்டு ஆம்பிளையளை வளவுக்குள் கூப்பிட எனக்கு விசரா? பக்கத்து வீட்டில் யார் வேலை செய்கிறான் என்று மதிலுக்கு மேலால் பார்ப்பேன். சத்தம் போடாமல் செய்கிறானா, தண்ணீர் கேட்டுக் குடித்த கோப்பையைக் கழுவி வைக்கிறானா, வெட்டியதைக் கூட்டி அள்ளுகிறானா. அதற்குப் பிறகுதான் நம்பர் கேட்பேன்.

உங்கள் மெஷின் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும், அதைவிட விளம்பரம் என்ன இருக்கிறது தம்பி? வேலை செய்கிற நேரம் கேட்டில் ஒரு சின்ன போர்டு கட்டுங்கள், பெயர், நம்பர், 'வளவு துப்புரவு', அவ்வளவுதான். முடிந்த பிறகு இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய், சத்தத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

முதல் ஒருவர் வந்தார், பெயர் வேண்டாம். இரும்பு பிளேட்டைப் போட்டு வெட்டி, நட்டு இரண்டு வருடமான தென்னம்பிள்ளையின் அடியைக் கிழித்தார், பிவிசி பைப்பை இரண்டு துண்டாக்கினார், ஒரு கல் தெறித்து எதிர்வீட்டுக் கார்க் கண்ணாடியில் பட்டது. 'அக்கா அது முதலே வெடிப்பு' என்றார். எதிர்வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னோடு நேராகக் கதைப்பதில்லை. உங்களிடம் பழைய ஷீட்டோ வலையோ, கல் தெறிக்காமல் பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்கிறதா? அதைப் படம் எடுத்துப் போடுங்கள். எனக்கு அந்த ஒரு படமே போதும்.

கோட்டையடி

டீச்சர் சொன்னதைப் பிரேம் போட்டு மாட்ட வேண்டும். கார் என்னுடையது இல்லை.

பச்சை_வளவு

மூன்று கிழமை ஆகிவிட்டது, மன்னிக்கவும், மழை தொடங்கியதில் போனைப் பார்க்க நேரம் இல்லை. நல்ல காரணம்தான்.

15,000இல் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. கேட்டில் கட்டுகிற போர்டு இரண்டு அடித்தேன், தமிழும் சிங்களமும், இங்கிலீஷில் ஒரு வரி. புல்வெளி என்ற சொல்லே அதில் இல்லை. மீன் வலைத் துண்டு ஒன்றைத் திருக்கடலூரில் சும்மா வாங்கி இரண்டு கம்பில் கட்டினேன், வெட்டுகிற பக்கம் பெடியன் அதைப் பிடித்துக்கொண்டு வருவான். பார்க்க கோமாளிக் கூத்து மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் படத்துக்குத்தான் அதிகமாக விசாரிக்கிறார்கள். மூன்று_சாவி அண்ணனின் உப்புவெளி வீட்டை முதலில் செய்தேன், மல்லிகைப் பந்தலுக்குக் கீழே மட்டும் உரப்பை ஒன்று நிறையச் சிரட்டை. அந்தப் படம் லண்டன் போய், அங்கே இருந்து இன்னும் இரண்டு காணி வந்தது. காசை வேலைக்கு முதல் பாதி, படம் பார்த்த பிறகு பாதி என்று கேட்டேன், ஒருவரும் மறுக்கவில்லை.

கூகுள் மேப்பில் போட்டுவிட்டேன், இன்னும் ஒரு போனும் அதனால் வரவில்லை. பெயர் பதிவுக்குப் படிவம் எடுத்திருக்கிறேன். ஹோட்டல் பக்கம் மாசியில் வருகிறேன், கச்சான்_காற்று அண்ணா பின்பக்கக் கேட்டைத் திறந்து வைக்கவும். மாதா மாதம் என்று இப்போது நாலு இடம், பத்துக்கு இன்னும் ஆறு இருக்கிறது.

டீச்சர், நாங்கள் வீடு, மதில் பக்கத்தில் பிளேட் போடுவதில்லை, தங்கூசிதான் (நைலோன் நூல்).

லிங்கநகர்_டீச்சர்

சனிக்கிழமை மழை விட்டால் வாருங்கள். கிணற்றடியில் இருந்து மாமரம் வரைக்கும் பைப் போகிறது, நான் செங்கல் வைத்து அடையாளம் போட்டு வைக்கிறேன். தென்னம்பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளியே வெட்டுங்கள், மிச்சத்தை நான் கையால் பிடுங்குவேன். எதிர்வீட்டுக் கார் எட்டரைக்குப் போய்விடும், அதற்குப் பிறகு தொடங்கினால் நல்லது. அந்த வலையையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.