ஸ்டேட்லெஸ் பீனுக்குள்ள ஸ்டேட்ஃபுல் பீன்: கிளை மாறி விழுது

கேள்வி:
புறக்கோட்டை மொத்தக்கடை ஒண்டுக்கு பில் போடுற சிஸ்டம், ஜாவா ஈஈ 7. லொகின் பண்ணினதும் பயனர் தன்ர கிளையைத் தெரிவுசெய்வார். அது ஒரு ஸ்டேட்ஃபுல் பீனில (அழைப்புக்கு அழைப்பு தரவை நினைவில வைச்சிருக்கிற சேவர் பக்க ஒப்ஜெக்ட்) கிடக்கு. பில்சேவை எண்ட பீன் ஸ்டேட்லெஸ் (ஒரு பயனருக்கெண்டு எதையும் நினைவில வைக்காது), அதுக்குள்ள @ஈஜேபி (வேற பீனை உள்ள கொண்டுவாற குறிப்பு) போட்டு அந்த பீனை எடுத்திருக்கு. கிளையை வைக்கிறதும் வாசிக்கிறதும் பில்சேவை ஊடாகத்தான். தனிய டெஸ்ட் பண்ணினால் சரி. நாலு பேர் ஒரே நேரம் பாவிச்சால் வெள்ளவத்தைக் கிளை பில்லில புறக்கோட்டைக் கிளை விழுது. ஏன்?

பதில் 1:
பூலில (வாற அழைப்புகளுக்கு மாறி மாறிக் குடுக்க சேவர் வைச்சிருக்கிற பீன் கூட்டம்) ஒவ்வொரு பில்சேவை இன்ஸ்டன்ஸ் (பீனின்ர ஒரு பிரதி) உருவாகேக்கயும் அதுக்கெண்டு தனி ஸ்டேட்ஃபுல் இன்ஸ்டன்ஸ் ஒண்டு கிடைக்கும். அது பூல் இன்ஸ்டன்ஸுக்குச் சொந்தம், பயனருக்கில்ல. அடுத்த அழைப்பு வேற இன்ஸ்டன்ஸுக்குப் போனால் அங்க முந்தி வந்தவற்ர கிளை இருக்கும். தனிய டெஸ்ட் பண்ணேக்க பெரும்பாலும் அதே இன்ஸ்டன்ஸ்தான் திரும்ப வரும், அதால பிழை ஒளிஞ்சிருக்கும்.

கிளைக்குறி மட்டும்தான் எண்டால் ஸ்டேட்ஃபுல்லே தேவையில்ல. எச்டிடிபி செஷன்ல (ஒரு பயனருக்கெண்டு சேவர் வைக்கிற தற்காலிக இடம்) வைச்சு, மெதட்டுக்கு அளவுருவா குடுங்கோ. பயனர் யாரெண்டதை, பீனுக்குக் கிடைக்கிற செஷன்கொன்டெக்ஸ்ட் ஒப்ஜெக்ட்டின்ர கெட்காலர்பிரின்சிபல் தரும். அவருக்கு அந்தக் கிளைக்கு அனுமதி இருக்கோ எண்டு பீனுக்குள்ளேயே பாருங்கோ.

பதில் 2:
கூடை மாதிரி பெரிய நிலை எண்டால் ஸ்டேட்ஃபுல் பீனுக்கு @செஷன்ஸ்கோப்ட் (செஷனுக்கு ஒரு பீன் எண்ட குறிப்பு) போட்டு, பில்சேவையில @ஈஜேபியை எடுத்துப்போட்டு @இன்ஜெக்ட் போடுங்கோ. அப்ப உள்ள வாறது ப்ரொக்ஸி (பீனுக்குப் பதிலா இடையில நிக்கிறது). ஒவ்வொரு அழைப்பிலயும் அந்த நேரத்து எச்டிடிபி செஷனுக்குரிய பீனைத் தேடிப் பிடிக்கும். பீன் பாஸிவேட் ஆகலாம் (நினைவகத்தில இருந்து டிஸ்க் மாதிரி இடத்துக்குப் போகலாம்), அதால ஃபீல்டுகள் சீரியலைசபிளா (பைட்டுகளா எழுதக்கூடியதா) இருக்கட்டும். @ரிமூவ் மெதட்டை (பீனை முடிச்சு வைக்கிறது) நீங்களே கூப்பிட்டால் அன்சப்போர்ட்டட்ஆப்பரேஷன்எக்செப்ஷன் வரும். செஷன் முடிய கன்டெய்னரே (பீன்களை நடத்துற சேவர் பகுதி) அழிக்கும். இன்னொண்டு: பீனுக்குள்ள நல்பொயின்டர் மாதிரி ரன்டைம் எக்செப்ஷன் வெடிச்சால் இன்ஸ்டன்ஸே போயிடும், கூடையும் அதோட போச்சு.

கேட்டவர்:
மாத்தினதும் கிளை சரியா விழுது. ஆனால் இரவு 11 மணி டைமர் பில்சேவையைக் கூப்பிடேக்க கொன்டெக்ஸ்ட்நொட்அக்டிவ்எக்செப்ஷன் (செஷன் நடப்பில இல்ல எண்ட பிழை) வருது.

பதில் 1:
டைமருக்கு எங்க செஷன்? @அசின்க்ரோனஸ் மெதட்டிலயும் (பின்னணியில தனியா ஓடுறது), எம்டிபியிலயும் (வரிசையில வாற செய்திகளைக் கையாளுற பீன்) இதே கதைதான். அதுக்குத்தான் கிளையை அளவுருவா குடுங்கோ எண்டது. த்ரெட்லோக்கலுக்கு (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியா மதிப்பு வைக்கிறது) மட்டும் போயிடாதேங்கோ: த்ரெட்டும் பூலிலதான் இருக்கு, ஃபைனலியில (பிழை வந்தாலும் ஓடுற பகுதி) ரிமூவ் பண்ண மறந்தால் பழைய சிக்கல் திரும்ப வரும்.