ஏசி அவுட்டோர் யூனிட்டில் 62 டெசிபல், இரவு வரம்பு 45: விதியை மீறுகிறேனா?

கேள்வி:
எங்க அவுட்டோர் யூனிட் மாட்டின சுவருக்கு எதிரே, சரியா நாலு மீட்டர்ல, பக்கத்து வீட்டம்மாவோட படுக்கையறை ஜன்னல். வயசானவங்க. "ராத்திரி கண்ண மூட முடியலப்பா"ன்னு நேத்து காலைல சொன்னதும் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. ராத்திரி அவங்க அறையிலயே போய் உட்கார்ந்து கேட்டேன். ஃபேன் இரைச்சல் பெரிசா இல்ல. 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம்தான் விட்டு விட்டு வருது. இங்க குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். ஸ்டிக்கர்ல 62ன்னு போட்டிருக்கு. மெஷினையே மாத்தணுமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க சார். 62ங்கிறது மெஷின் மொத்தமா வெளியிடும் ஒலித்திறன். விதி பாக்குறது அடுத்த வீட்டு எல்லையிலயோ ஜன்னல்லயோ காதுக்கு எட்டுற அளவை. சுவர்ல மாட்டின யூனிட்டுக்கு ஒரு மீட்டர்ல சுமார் 54 வரும். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 குறையும்: ரெண்டு மீட்டர்ல 48, நாலு மீட்டர்ல 42. ஆனா எதிர்ச்சுவர்ல பட்டுத் திரும்புறது 3 வரைக்கும் கூட்டிடும். ஆக நீங்க சரியா விளிம்புல நிக்குறீங்க. அதோட, இப்படித் தனியா கேட்கிற ரீங்காரத்துக்குப் பல நாடுகள்ல சில டெசிபல் சேர்த்தேதான் கணக்குப் போடுவாங்க. நியாயம்தான், தூக்கத்தைக் கெடுக்கிறது அதுதானே.

முதல்ல கம்ப்ரசர் ஓடும்போது உங்க வீட்டுச் சுவர்ல உள்பக்கமா கைய வச்சுப் பாருங்க. அதிர்வு தெரிஞ்சா ஸ்டாண்டுக்கு அடியில இருக்கிற ரப்பர் போயிருக்கும். அப்புறம் சுவரே வீணைக்குடம் மாதிரி சத்தத்தைப் பெருக்கிடும்.

பதில் 2:
போன் ஆப்ல அளந்த எண்ணை வச்சு முடிவெடுக்காதீங்க. மீட்டர் வச்சு அளந்தாலும் மெஷின் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திட்டு ஒரு தடவை எடுக்கணும். இல்லேன்னா தெருச் சத்தமும் உங்க கணக்குல சேர்ந்துடும். ஒரு விஷயம், படுக்கையறைக்குள்ள 30 டெசிபலுக்கு மேல போகக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1999லயே சொல்லியிருக்கு. 45க்குள்ள வந்துட்டோம்னு நிறுத்திடாம அந்தம்மா தூங்குறாங்களான்னு பாருங்க.

கேட்டவர்:
கைய வச்சேன், சுவர் அப்படி அதிருது! ரப்பர் நாலும் கல்லு மாதிரி இறுகி, ஒண்ணு ரெண்டாப் பிளந்து கிடந்துச்சு. இன்னிக்கு மாத்தியாச்சு. ஸ்டாண்டு போல்ட்டையும் முறுக்கியாச்சு. ராத்திரி மறுபடி அவங்க அறைக்குப் போறேன், மீட்டரோட.